வாசகர் கேள்வி – பதில்: பாம்பு சட்டை கழற்றும்போது

கேள்வி: வீட்டில் வளரும் போல் பைதன் (ball python என்னும் மலைப்பாம்பு வகை) ஒரு கிழமையாக நிறம் மங்கிக் கிடக்கிறது. இரண்டு கண்ணிலும் பால் படர்ந்தாற்போல் இருக்கிறது. எலி கொடுத்தாலும் தொடுவதில்லை. கண்ணுக்கு மருந்து விடலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: ஒரு துளிகூட விடாதீர்கள். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது கண்ணாடிபோன்ற ஒரு செதில். சட்டை கழற்றும் காலத்தில் பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையில் நீர் ஊறும். நீங்கள் காணும் பால்நிறம் அதுதான். வயிறு இளஞ்சிவப்பாகி, உடல் மங்கி, கடைசியில் கண் மூட்டமாகும். சில நாளில் கண் தானாகத் தெளியும். பலர் அப்போது எல்லாம் முடிந்ததென்று நினைத்துப் பாம்பைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தெளிந்து 2 முதல் 4 நாள் கழித்துத்தான் சட்டை கழலும். மொத்தம் 7 முதல் 14 நாள் ஆகலாம். அதுவரை இரையும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். பார்வை மங்கிய பாம்பு பயத்தில் கடிக்கும்.

ஒரு கண் மட்டும் மங்கினாலோ, வீங்கினாலோ கதை வேறு. அடிபட்டிருக்கலாம், செதிலுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கழன்ற சட்டையை உடனே எறிந்துவிடாதீர்கள். தண்ணீரில் நனைத்து விரித்துப் பாருங்கள். நல்ல சட்டை உள்புறம் வெளியாகப் புரண்டு, ஒரே துண்டாக இருக்கும். தலைப்பகுதியில் இரண்டு வட்டக் கண்மூடிகளும், மறுமுனையில் வால்நுனியும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கழலும்போது தோல் இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் போல் பைதனுக்குச் சட்டை துண்டு துண்டாகத்தான் கழல்கிறது. வாலில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: எண்ணெய் வேண்டாம். காய்ந்த தோல் இளக நீர்தான் வேண்டும். எண்ணெய் பூசினால் நீர் உள்ளே இறங்காது.

பெரும்பாலும் காற்றின் வறட்சிதான் காரணம். நம் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே கூடு இருந்தால், ஈரம் மளமளவென்று இறங்கும். போல் பைதனுக்குச் சாதாரண நாளில் 55–65 சதவீத ஈரப்பதன் போதும். கண் மங்கியதும் 70க்கு மேல் ஏற்றுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியொன்றில் பாம்பு நுழையுமளவு ஓட்டை வெட்டி, தும்புச்சோற்றை (தேங்காய் மட்டைத் தூளை) நனைத்துப் பிழிந்து உள்ளே பரப்பி வையுங்கள். கையில் எடுத்து அழுத்தினால் சொட்டக்கூடாது. தும்பில் உப்பு இருக்கலாம், முதலில் இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

வால் வளையத்தை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம். காயக் காய அது இறுகி, இரத்த ஓட்டத்தை நெரித்து, நுனி கறுத்துச் செத்துவிடும். காற்றோட்டமுள்ள பெட்டியில் 28–30 பாகை வெதுவெதுப்பான நீரை, உடலின் பாதி உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, 20 முதல் 30 நிமிடம் பாம்பை விடுங்கள். பக்கத்தைவிட்டுப் போகாதீர்கள். பிறகு ஈரத் துவாயால் தளர்வாகப் பிடித்து அதன் நடுவே ஊர்ந்து போகவிட்டால் தோல் துவாயில் ஒட்டி வரும். வராவிட்டால் பிய்க்காதீர்கள், மறுநாள் திரும்பச் செய்யுங்கள்.

கண்மூடி ஒட்டியிருந்தால் நகமோ இடுக்கியோ அருகில் போகக்கூடாது. அடியிலுள்ள புதுச்செதிலும் சேர்ந்து உரிந்தால் கண்ணே போகும். ஈரப்பெட்டியை வைத்து அடுத்த சட்டை வரை பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் வைத்தியர்.

ஈரம் சரியாக இருந்தும் ஒவ்வொரு தரமும் சட்டை கிழிந்தால் உண்ணியைத் தேடுங்கள். கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள்போல் அசையும். தண்ணீர்ப் பாத்திரத்திலேயே பாம்பு நாள் முழுக்கக் கிடப்பதும் அதற்கு அறிகுறி.

கேள்வி: மாரி தொடங்கியபின் வயிற்றுச் செதில்கள் சிவந்து, சில இடத்தில் கொப்பளித்திருக்கின்றன. இதுவும் சட்டை கழற்றத்தானா?
– வாசகர், அம்பாறை

பதில்: இல்லை. சட்டை கழற்றுமுன் வரும் சிவப்பு வயிறு முழுவதும் ஒரே சீராகப் பரவும், செதில் உப்பாது. இது நனைந்த தரையில் கிடந்ததால் வரும் செதில் அழுகல். இன்றே ஈர விரிப்பை எல்லாம் அகற்றி வெறும் வெள்ளைக் கடதாசி போடுங்கள், நனைந்தவுடன் மாற்றுங்கள். கூட்டின் ஒரு பக்கம் 31–33 பாகைச் சூடு இருக்கட்டும். கொப்பளம் வந்துவிட்டதால் மிருக வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும். கொப்பளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். கூடவே மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கைச் சத்தம், வாயைத் திறந்து தலையை உயர்த்திக் கிடத்தல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் மறுநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.