ஆனா மெந்தியேட்டாவின் மாணவப் பருவம்: எங்கே தொடங்கலாம்

கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் ஆனா மெந்தியேட்டாவின் மாணவப் பருவம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், ஆனால் தேடினால் அவருடைய மரணச் செய்திதான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை விட்டுவிட்டு, அவர் படித்த அமெரிக்க மாநிலமான ஐயோவாவில் தொடங்குங்கள். 1961இல், 12 வயதில், பெற்றோரைப் பிரிந்து அக்காவோடு கியூபாவிலிருந்து அமெரிக்கா வந்தவர் அவர். ஐயோவா பல்கலைக்கழகத்தில் முதலில் ஓவியம்தான் படித்தார், அப்புறம் ஹான்ஸ் பிரேடர் நடத்திய, நிகழ்த்துகலையும் படச்சுருளும் கலந்த வகுப்புக்குப் போனார். ஆசிரியரின் தாக்கம் உண்டு, சரி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது மெக்சிகோ. 1973இல் யாகுல் என்ற இடத்தில், திறந்து கிடந்த, சபோடெக் என்ற மெக்சிகோ பழங்குடி மக்களின் பழைய கல்லறைக்குள் வெள்ளைப் பூக்களால் உடம்பை மூடிக்கொண்டு படுத்தார், பார்த்தால் அவர் உடம்பிலிருந்தே செடி முளைத்த மாதிரி இருக்கும். தன் உடம்பின் வடிவத்தை மண்ணிலும் இயற்கையிலும் பதித்த 'சிலுவேட்டா' (நிழலுருவம்) படைப்பு வரிசை அங்கேதான் தொடங்கியது. பிரிந்து வந்த மண்ணைத்தான் அவர் தேடினார் என்று நம்புகிறேன். அவர் அந்தக் கல்லறைக்குள் படுத்திருக்கும் புகைப்படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு முதல் பத்தியை எழுதுங்கள்.