பதில்: 3 ஏக்கர் பாறை நிலம், குவாரிக்காரர் கொடுத்த வெள்ளைத்தாள்

வணக்கம் சகோதரி. உங்கள் பாறை நிலம் மூன்று ஏக்கருக்கும் சேர்த்து ஒரே தொகை, 10 வருடக் குத்தகை, வெள்ளைத்தாளில் இந்த வாரமே கையெழுத்து என்கிறார் குவாரிக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 10 மீட்டர் ஆழம் வெட்டினால் 40,000 கன மீட்டர். கெட்டிப் பாறை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.6 டன். அதாவது ஒரு ஏக்கரிலேயே லட்சம் டன். வெட்டாமல் விடும் ஓரத்தையும் படிகளையும் கழித்தாலும் எவ்வளவு என்று பாருங்கள்! அவர் சொல்லும் தொகையை மூன்று ஏக்கரின் டன்னால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். டன்னுக்கு இவ்வளவு என்றே கேளுங்கள், நடைச்சீட்டு (கல் ஏற்றிப் போகும் லாரிக்கான அனுமதிச் சீட்டு) நகலோடு.

குவாரி அனுமதி யார் பெயரில் என்பதும் முக்கியம். உங்கள் பெயரில் என்றால், அளவுக்கு மேல் வெட்டியதற்கான அபராத நோட்டீசும் உங்களுக்குத்தான் வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தே ஆக வேண்டும், வெள்ளைத்தாள் செல்லாது.

குழிக்கு வேலி போடுவது யார் என்றும் எழுதி வாங்குங்கள். எங்கள் மாமா அதைக் கேட்கவில்லை. அவர் நிலத்துக் குழியில் இன்றும் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, விளிம்பில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள்.

வில்லங்கச் சான்றிதழோடு ஊர் வக்கீலை ஒருமுறை பாருங்கள்.