சர்வரில் ஒரு ப்ராசஸ் நாளுக்கு நாள் மெமரியைத் தின்கிறது, ஆனால் வால்கிரைண்ட் லீக் இல்லை என்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் உள்ளதைச் சுருக்கினால்: லினக்ஸ் சர்வரில் பின்னணியில் எந்நேரமும் ஓடும் ஒரு ப்ரோக்ராம் (டீமன்), சி மொழியில் எழுதியது. மெமரி மெல்ல மெல்ல ஏறுகிறது. சில நாட்களில், மெமரி தீர்ந்தால் ப்ராசஸை நிறுத்தும் கர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து அதைக் கொன்றுவிடுகிறது. மெமரி தவறுகளைத் தேடும் டூலான வால்கிரைண்டில் ஓட்டினால் ஒரு பைட்கூட லீக் (திருப்பித் தராமல் விட்ட மெமரி) இல்லை.

இதே இடத்தில் நானும் ஒரு வாரம் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வால்கிரைண்ட் பொய் சொல்லவில்லை. எந்தப் பாய்ண்டரும் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) சுட்டாமல் அநாதையாகக் கிடக்கும் மெமரியைத்தான் அது உறுதியான லீக் என்கிறது; அதுவும் வழக்கமாக ப்ராசஸ் முடியும்போது பார்த்துச் சொல்கிறது. எங்கள் டீமனில் அநாதை என்று எதுவுமே இல்லை. எல்லாம் ஒரு டேபிளில் பத்திரமாக இருந்தது. வேலை முடிந்த பிறகும் அங்கேயே இருந்தது, அதுதான் பிரச்சினை. நிறுத்தச் சொன்னால் டீமன் சமர்த்தாக டேபிளைக் காலி செய்துவிட்டுத்தான் போகும். அறிக்கையில் பூஜ்யம் வராமல் வேறென்ன வரும்?

அதனால் எந்த டூலையும் தொடும் முன் ஒரு கிராஃப் போடுங்கள். மெமரிக் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையின் 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்' பத்திதான் கணக்கு. ப்ராசஸைப் பொறுத்தவரை, ப்ராக் கோப்பகத்தில் அதன் ஸ்டேட்டஸ் ஃபைலில் ஆர்எஸ்எஸ் அனான் என்று ஒரு வரி இருக்கும். மேப் செய்த ஃபைல்களை விட்டுவிட்டு ஹீப் (ப்ரோக்ராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) மாதிரியான சொந்த மெமரியை மட்டும் அது காட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை அதை நேரத்தோடு சேர்த்து ஒரு ஃபைலில் எழுதவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துக் கோடு எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

பகலில் ஏறி இரவில் ஏறாமல் நின்றால், பயனர்களின் கோரிக்கையோடு தொடர்புள்ளது. மணிக்கு ஒரு படி ஏறினால் ஏதோ டைமர் வேலை. ஏறி ஒரு மட்டத்தில் நின்றேவிட்டால் பெரும்பாலும் லீக்கே இல்லை, கேஷ் நிரம்பியிருக்கும்.

எங்களுடையது ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. நள்ளிரவு, ஞாயிறு, ஆளே இல்லாத நேரம், எல்லாவற்றிலும் ஒரே ஏற்றம், நாளுக்குச் சுமார் 540 எம்பி. இதைப் பார்த்த பிறகுதான் கேள்வியே மாறியது: ஆள் இல்லாதபோதும் வேகம் மாறாமல் நடப்பது எது? கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக். எங்களிடம் இரண்டு லோட் பேலன்சர்கள். ஒவ்வொன்றும் 5 வினாடிக்கு ஒரு டிசிபி கனெக்‌ஷனைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் மூடிவிடும். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 34,560 முறை. டீமன் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் 16 கேபி பஃபர் ஒதுக்கிப் பூஜ்யத்தால் நிரப்பும். பெருக்கினால் 540 எம்பி. சோர்ஸ் கோடைத் திறக்காமலேயே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஜிகோர் என்ற கட்டளை உதவியது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் கோர் டம்ப்பை (மெமரியின் நகல்) எடுத்து, படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் பிரித்துத் தரும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் போட்டு, எந்த வரி அதிகம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணினேன். லோட் பேலன்சர்களின் ஐபி முகவரிகள்தான் முதலிடம். முரட்டு வழிதான், ஆனால் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. டம்ப் எழுதி முடியும்வரை ப்ராசஸ் நின்றிருக்கும், பாஸ்வேர்ட் முதற்கொண்டு எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சோர்ஸ் கோடில் தவறு ஒரே இடத்தில். கனெக்‌ஷன் திறந்தபின் டீமனோடு நடக்கும் ஆரம்ப அறிமுகப் பேச்சு (ஹேண்ட்ஷேக்) முடியும் முன்பே மறுமுனை மூடிவிட்டால், எரர் பாதை சாக்கெட்டை மூடிவிட்டு ரிட்டர்ன் ஆகிவிடும், டேபிளிலிருந்து பதிவை எடுக்காது. சாக்கெட் ஒழுங்காக மூடப்பட்டதால் திறந்திருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கையிலும் ஒன்றும் தெரியவில்லை. டெஸ்ட் சர்வரிலோ லோட் பேலன்சரே கிடையாது, பிறகு எப்படி லீக் ஆகும்! வெளியேறும் எல்லா வழிகளும் ஒரே க்ளீனப் ஃபங்ஷன் வழியாகப் போகும்படி மாற்றினேன். மாற்றிய வரிகள் பத்துகூட இருக்காது.

சிறியதுதானே, அப்புறம் பார்க்கலாம் என்று விடுகிறவர்களுக்கு ஒன்று. 1992 நவம்பர் 4 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு முடங்கியது இப்படித்தான். ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் ஃபைல் சர்வரில் துளி மெமரி விடுபடாமல் தங்கியது. நிரம்ப மூன்று வாரம் ஆனது. டெஸ்டில் மூன்று வாரம் யார் விடாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள்?

உங்கள் கிராஃப் எங்களுடையதைப் போல வாய் திறந்து பேசாவிட்டால் ஹீப்ட்ராக் அல்லது வால்கிரைண்டிலேயே உள்ள மாசிஃப். இவை அநாதையைத் தேடாமல், இந்த நொடியில் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். உங்களுக்கு வேண்டியது அதுதான். மாசிஃபை நிஜ சர்வரில் ஓட்டாதீர்கள், வால்கிரைண்டின் கீழ் எல்லாமே பல மடங்கு மெதுவாகும். அங்கே, கர்னலுக்குள்ளிருந்து கவனிக்கும் பிபிஎஃப் வகை மெம்லீக் டூல் தேவலை.

கண்டுபிடிக்கும்வரை, லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியில் மெமரிமேக்ஸ் வரம்பும் தானாக ரீஸ்டார்ட் ஆகும் அமைப்பும் போட்டுவையுங்கள். லீக் ஆகும் ப்ராசஸ் மட்டும் சாகும், பக்கத்தில் இருப்பவை பிழைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாச்சி வெப் சர்வரிலேயே ஒரு சைல்டு ப்ராசஸ் இத்தனை கனெக்‌ஷனோடு ஓய்வு பெறட்டும் என்று ஒரு செட்டிங் இதற்காகவே இருக்கிறது.

ஃபிக்ஸ் போட்ட பிறகும் முதல் சில மணி நேரம் கிராஃப் கோடு ஏறும், பதறாதீர்கள். ஃப்ரீ செய்த மெமரியை ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) உடனே கர்னலிடம் திருப்பித் தருவதில்லை. பல த்ரெட் உள்ள ப்ராசஸ் என்றால் 64-பிட் கணினியில் கோர் எண்ணிக்கையின் 8 மடங்குவரை அரீனாக்களை (தனித்தனி மெமரிக் குளங்கள்) திறந்துகொள்ளும். மேலாக் அரீனா மேக்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியை 2 ஆக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

எங்கள் கோடு 310 எம்பி பக்கத்தில் படுத்தது. ஆனாலும் ஞாயிறு விடியற்காலை ரீஸ்டார்ட் செய்யும் வரியை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலிருந்து அழிக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.