ஆவாரைக்கு மழையே போதும்

கேள்வி: அக்கா, பொங்கலுக்குக் காப்புக் கட்ட உதவும் என்று தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு ஆவாரஞ்செடி வாங்கிவந்து சட்டியில் வைத்தேன். காலை மாலை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அக்டோபர் மழைக்கு அப்புறம் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. உரம் போதவில்லையா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உரம் இல்லை தங்கச்சி, தண்ணீர்தான் அதிகம். தமிழ்நாட்டில் ரோட்டோரத்திலும் புறம்போக்கிலும் யாரும் ஊற்றாமல் பூத்துக் கிடக்கிற செடி இது, காய்ந்த மண்ணுக்குப் பழகிய வேர். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் சட்டி மண் காயவே நேரம் இருக்காது, அதன்மேல் நீங்களும் ரெண்டு வேளை ஊற்றினால் வேருக்குக் காற்றே போகாமல் அழுக ஆரம்பித்துவிடும். விரலை ரெண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈர மண் ஒட்டினால் அன்றைக்கு ஊற்றவே வேண்டாம்.

இப்போதைக்குச் சட்டியைச் சாரல் படாத, ஆனால் அரைநாளாவது வெயில் விழுகிற போர்ச் ஓரத்துக்கு நகர்த்துங்கள். அடித்தட்டை எடுத்துவிட்டு ரெண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண் மாற்றுவதாக இருந்தால் வேரை உதறாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் தேறுவது கஷ்டம். மண்கட்டியோடு அப்படியே தூக்கி, பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்த மண்ணில் இறக்குங்கள். புதுத் துளிர் வரும்வரை உரத்தைத் தொடாதீர்கள். டிசம்பர் கடைசியில் மழை குறைந்து வெயில் ஏறும்போது செடிக்கும் தெம்பு வரும்.

அப்புறம், அது ஆவாரைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மஞ்சள் பூ பூக்கிற சென்னா வகைகள் இங்கே நிறைய. இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் குட்டிக் காது மாதிரி வட்டமாக ஒரு சிற்றிலை ஒட்டியிருக்கும். 'சென்னா அவுரிகுலாட்டா' என்ற அதன் அறிவியல் பேரே அந்தக் காதை வைத்துத்தான். பூங்கொத்து மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நின்றால் அது சீமை அகத்தி, மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள்.

கேள்வி: ஊருக்குப் போகும் அத்தையிடம் ஆவாரை விதை கொண்டுவரச் சொல்லலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சும்மா பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது தம்பி, விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், மலேசியாவில் 1976 தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. இங்கேயே செடி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், காகிதம் போல மெலிந்து காய்ந்த தட்டையான காய்க்குள் விதை இருக்கும். தோல் கெட்டி, அதனால் கை பொறுக்கிற சுடுதண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, செடி எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே நேராக ஊன்றுங்கள்.