விறகு, உமி, எத்தனால்: கணக்கு எங்கே இடறுகிறது? – கேள்வி பதில்

பாபநாசம், எம்.எஸ்சி. மாணவி: சார், விறகு, உமி, கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்து கிடைக்கும் உயிரி எரிசக்தியின் பயன்பாட்டில் பிரேசில், ஸ்வீடன், இந்தியா மூன்றையும் ஒப்பிடுகிறேன். மொத்த அளவில் நாம்தான் முதலில் வருகிறோம். இதைச் சாதனை என்று எழுதலாமா?

எழுதாதேம்மா. முதலில் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார். அடுத்து, எங்கே எரிகிறது என்று பார். பிரேசிலில் 1975-ல் புரோஆல்கூல் என்ற அரசுத் திட்டம் வந்தது முதல் கரும்பு எத்தனால் என்ற எரிசாராயமாகி வண்டிக்குப் போகிறது, சக்கை ஆலைக் கொதிகலனுக்குப் போகிறது. ஸ்வீடனில் 1991-ல் நிலக்கரி, எண்ணெய் எரித்தால் வரும் கரியமில வாயுவுக்குக் கார்பன் வரி போட்டார்கள். அதன்பின் மரக்கழிவை எரித்து ஊருக்கே குழாயில் வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்குவது பெருகியது. இங்கே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 49 சதவீத வீடுகள் விறகில்தான் சமைத்தன. அடுப்புக்கு ஒரு கோடு, ஆலைக்கும் வண்டிக்கும் இன்னொரு கோடு என்று பிரித்து வரை. அங்கே கோடு ஏறுவதும் இங்கே அடுப்புக் கோடு இறங்குவதும், இரண்டுமே நல்ல சேதிதான்.

ஒரத்தநாடு, இல்லத்தரசி: எங்க மாமியார் காலத்துல வண்டி வண்டியா விறகு. இப்ப எனக்கு மாசம் ஒரு சிலிண்டர். அப்ப எரிசக்தியைக் குறைச்சிட்டோமா சார்?

நல்ல கேள்வி கேட்டீங்கம்மா, கணக்கே போட்டுடலாம். 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது சுமார் 650 மெகாஜூல் (மெகாஜூல் என்பது சூட்டை அளக்கும் அலகு). காய்ந்த விறகு கிலோவுக்கு 15, 16 மெகாஜூல் தரும். அப்படிப் பார்த்தால் சுமார் 40 கிலோ விறகு ஈடாகணும். ஆனால் மண் அடுப்பில் நூற்றுக்கு 15 பங்கு சூடு பானைக்குப் போனாலே பெரிசு. கேஸ் அடுப்பில் 60 வரை போகும். அதனால் ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு 160 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அதே சோறு, அதே குழம்பு. புள்ளிவிவரத்தில் மட்டும் உங்க வீட்டுப் பயன்பாடு கால்வாசியாகிவிடும்! உண்மையில் குறைந்தது புகை. ஐப்பசி அடைமழையில் நமுத்த வறட்டியை ஊதுகுழலால் ஊதி ஊதி, முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி என் அம்மா உலை வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த எரிச்சலுக்கு எந்த அட்டவணையிலும் பத்தி இல்லை.

மன்னார்குடி, அரிசி ஆலைக்காரர்: எங்க உமி எந்தக் கணக்கிலயாவது வருதா?

நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை நெல் அவிக்க நீங்களே எரித்துவிடுகிறீர்கள். பில் இல்லை, ரசீது இல்லை. காசு கைமாறாத எரிபொருளை மதிப்பீட்டில்தான் பிடிக்கணும். தினம் அரைத்த நெல்லையும் வெளியே விற்ற உமியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் அண்ணே. 10 டன் நெல்லுக்கு 2 டன் உமி. விற்றதைக் கழித்தால் எரித்தது வந்துவிடும்.

பேராவூரணி, தென்னை விவசாயி: எங்க ஊர் விறகுப் பயன்பாட்டு ஒப்பீட்டை எந்த வருசத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

2019 மட்டும் வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த தோப்புகளை உங்களுக்குச் சொல்லணுமா? மரம் விழுந்து கிடக்கிற வருசத்தை அடிப்படையாக வைத்தால், அடுத்த வருசமெல்லாம் விறகுப் பயன்பாடு சரிந்தது போலவே தெரியும். புயலுக்கு முந்தைய மூன்று வருசச் சராசரியை எடுங்கள்.

திருவாரூர், ஆசிரியர்: பிள்ளைகளை வைத்து வீடு வீடாக விறகை எடை போடப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

ஈரத்தை, டீச்சர். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். சுள்ளியை ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சடக்கென்று ஒடிந்தால் எழுதலாம்; நார் உரிந்து வளைந்தால் ‘பச்சை’ என்று தனியாகக் குறிக்கட்டும்.