இறங்கும் வழி எந்தத் தலைப்பின் கீழ்?

கேள்வி: பாறையேற்ற வழிகாட்டி ஒன்றை இணையத்தில் எழுதிவருகிறேன். ஒரே பக்கத்தில் மூன்று செக்டர் (பாறைப் பகுதி), நாற்பது ரூட் (ஏறும் வழி). எல்லாத் தலைப்புக்கும் எச்2 (வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இரண்டாம் நிலைத் தலைப்பு) போட்டிருக்கிறேன். படிப்பவர்களோ, 'இறங்கும் வழியைத் தேடித் தேடி அலுத்துவிட்டது' என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: நாற்பது ரூட்டும் மூன்று செக்டரும் ஒரே வரிசையில் நின்றால் எதற்குள் எது என்று யாருக்குத் தெரியும்? தலைப்பு அளவை எழுத்தின் பருமனை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாறையில் எது எதற்குள் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

அமெரிக்காவின் யோசெமிட்டியை எடுத்துக்கொள்வோம். பள்ளத்தாக்கு எச்1, அங்குள்ள எல் கேபிடன் பாறை எச்2, அதிலுள்ள 'தி நோஸ்' எச்3, அந்த ரூட்டின் பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் கட்டம்) விவரமும் கருவிகளும் எச்4. 1958-ல் முதன்முதலாக ஏறியது, 1993-ல் லின் ஹில் அதை ஃப்ரீயாக (கயிறு பாதுகாப்புக்கு மட்டும், ஏறுவது கைகாலால்) ஏறியது எல்லாம் பத்திக்குள் இருந்தால் போதும். கிரேடுக்கும் (ரூட் எவ்வளவு கடினம் என்ற அளவு) தனித் தலைப்பு வேண்டாம், ரூட் பெயரை ஒட்டியே எழுதிவிடுங்கள்.

இறங்கும் வழிக்கு வருவோம். எல் கேபிடனில் நோஸ் ஏறியவரும் சலாதே என்ற இன்னொரு ரூட்டில் ஏறியவரும் வழக்கமாக ஈஸ்ட் லெட்ஜஸ் பக்கமாகத்தான் இறங்குவார்கள். அதை ஒவ்வொரு ரூட்டின் அடியிலும் எழுதுவதைவிட, ரூட்களுக்குச் சமமாக ஒரு எச்3 போட்டு, 'எல் கேபிடன்: இறங்கும் வழி' என்று பெயரோடு எழுதலாம். வெறும் 'இறங்கும் வழி' என்று பத்து இடத்தில் இருந்தால், தலைப்புப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது எந்தப் பாறைக்கு என்றே தெரியாது. ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) படிப்பவர் அப்படித்தான் பார்ப்பார். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, 3-ஐத் தட்டினால் அடுத்த எச்3.

இன்னொரு வழக்கமான தப்பு, பெரிதாகத் தெரியட்டும் என்று 'எச்சரிக்கை: உதிரிப் பாறை' என்று ரூட்களுக்கு நடுவில் எச்2 போடுவது. அதற்குப் பிறகு வருகிற ரூட் எல்லாம் அந்த எச்சரிக்கையின் பிள்ளைகளாகிவிடும். அதைக் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போடுங்கள். அளவு, நிறம் எல்லாம் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பார்த்துக்கொள்ளும்.

எச்2-க்கு அடுத்து நேராக எச்4-க்குத் தாவாதீர்கள். எச்4 முடிந்து எச்2-க்குத் திரும்புவதில் தவறில்லை. அப்புறம், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எச்1 போடலாம், பிரவுசரே அடுக்கைப் புரிந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பிரவுசரும் அதைச் செய்யவில்லை. 2022-ல் எச்டிஎம்எல் விதியிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

நாற்பது ரூட் ஒரே பக்கத்துக்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். பாறையடியில் சாக் பவுடர் ஒட்டிய விரலால் போனைத் தள்ளிக்கொண்டே போவது பெரும்பாடு. செக்டருக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் செக்டர் பெயர் எச்1 ஆகும், ரூட் எச்2 ஆகும். மூன்று செக்டருக்கும் இறங்கும் வழி ஒன்றுதான் என்றால், அதற்கும் தனிப் பக்கம் போட்டு மூன்றிலிருந்தும் இணைப்புக் கொடுங்கள்.