பாறையின் வயதும் கடலின் நுண்ணிய ஓடுகளும்: கேள்வி பதில்

ஆசிரியை, பெரம்பலூர்: அரியலூர்ப் பக்கம் கையகலச் சுருள் ஓட்டுப் புதைபடிவமான அம்மோனைட்டே கிடைக்கிறதே மேடம், பாறையின் வயதை அறிய நுண்ணிய ஓடுகளை ஏன் தேட வேண்டும்?

அம்மோனைட் அருமையான சாட்சிதான். ஆனால் ஆழ்துளையில் பாறை நொறுங்கித்தான் மேலே வரும்; அதில் அம்மோனைட் முழுசாகத் தப்பாது. ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரியின் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, கைப்பிடிக் களிப்பாறையிலேயே நூற்றுக்கணக்கில் கிடைக்கலாம். மிதந்து வாழ்ந்த இனங்கள் நீரோட்டத்தோடு பல கடல்களுக்கும் பரவின. அதனால்தான் அரியலூரில் கிடைக்கும் குளோபோட்ரங்கானா என்ற ஃபோராமினிஃபெராவை இத்தாலியின் குப்பியோ பாறையோடு பொருத்திப் பார்க்க முடிகிறது.

கல்லூரி மாணவர்: இந்த ஓடுகளைப் பார்த்தே இத்தனை கோடி ஆண்டு என்று சொல்லிவிடலாமா?

ஓடு சொல்வது வரிசையைத்தான், தம்பி: எது முன்னால் தோன்றியது, எது முன்னால் அழிந்தது என்று. ஆண்டுக்கணக்கை வேறு வழியில் அளந்து அதோடு சேர்க்கிறோம். சீனாவின் மெய்ஷானில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட் (பல் போன்ற நுண்புதைபடிவம்) முதலில் வரும் மட்டம்தான் டிரையாசிக் காலத்தின் தொடக்கம். அதற்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலில் உள்ள ஜிர்கான் என்ற கனிமத்தில் யுரேனியத்தையும் அது சிதைந்து உண்டான ஈயத்தையும் அளந்துதான் சுமார் 25.19 கோடி ஆண்டு என்று கண்டார்கள்.

துளையிடும் தளத்தில் வேலை பார்ப்பவர்: மேலடுக்கு சரிந்து கட்டிங்ஸில் (துளையிலிருந்து மேலே வரும் பாறைத் துணுக்குகளில்) கலந்துவிடுகிறதே?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கலக்கத்தான் செய்யும். துளை இறங்க இறங்க மேலடுக்கு ஓடுகளும் விழுந்துகொண்டே இருப்பதால், ஓர் இனம் எந்த மட்டத்தில் தோன்றியது என்பது குழம்பிவிடும். ஆனால் மேலிருந்து போகும்போது அது முதலில் தட்டுப்படும் ஆழத்தைப் பாருங்கள். அதுதான் அந்த இனம் அழிந்த மட்டம். இன்னும் துளைக்காத அடுக்கின் ஓடு முன்கூட்டியே வந்துவிடாது. எண்ணெய்க் கிணறுகளில் பெரிதும் நம்புவது இதைத்தான். அப்புறம், பழைய பாறை அரிக்கப்பட்டு இளைய மண்ணில் வந்து படிந்த ஓடுகளும் இருக்கும். தேய்ந்து நிறம் மாறியவற்றைத் தனியே ஒதுக்குங்கள். ஒரே ஓர் ஓடு மட்டும் கிடைத்தால் அதை வைத்து வயது சொல்லவே கூடாது.

ஒரு வாசகர்: குப்பியோவில் அப்படி என்ன இருக்கிறது?

டைனோசர்கள் அழிந்த கிரெட்டேசியஸ் காலம் முடியும் எல்லையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் களிமண். அதற்குக் கீழே பெரிய, வேலைப்பாடு மிகுந்த குளோபோட்ரங்கானாக்கள். மேலே பொடிப்பொடியான சில இனங்கள் மட்டும். இந்த ஓடுகள் எல்லையைக் காட்டிய பிறகுதான் அமெரிக்காவின் ஆல்வரெஸ் ஆய்வுக் குழு அந்தக் களிமண்ணில், விண்கற்களில் அதிகமுள்ள இரிடியம் என்ற உலோகத்தை அளந்து, 1980-ல் விண்கல் மோதலை முன்வைத்தது.

மாணவி: வீட்டிலேயே பிரித்தெடுக்க வினிகர் போதுமா?

வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். மென்மையான களிப்பாறையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லக் கழுவுங்கள். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். முந்தைய மாதிரியின் ஓடு ஒட்டியிருந்தால் அடுத்ததன் வயதே மாறிப்போகும்.